விதையிலிருந்து பிளாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், பெங்களூரு பக்கத்து நர்சரிகளில் கறுப்புப் பைகளில் ரோஸ், சிவப்பு, வெள்ளை, ஊதா என்று கலந்து நிற்கும் குட்டைச் செடிதான் பிளாக்ஸ். பூத்த செடியாக வாங்கி வந்தால் சில வாரங்களில் ஓய்ந்துவிடுகிறது என்பது பலருடைய புகார். உண்மைதான். நர்சரியில் நாம் வாங்குவது பாதி வயது கழிந்த செடியை. விதை போட்டு வளர்த்தால் அந்த முதல் பாதியும் நம் வீட்டிலேயே நடக்கும், செலவும் குறைவு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சமவெளியில் தொட்டியிலும் சிறு பாத்தியிலும் வளர்ப்பவர்களுக்கானவை. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு வேண்டியதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

பிளாக்ஸில் பல வகை உண்டாமே, இங்கே பேசுவது எதைப் பற்றி?

ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை கொடுத்துவிட்டு முடிந்துபோகும் ஓராண்டு பிளாக்ஸ். தாவரவியல் பெயர் ஃப்ளாக்ஸ் டிரம்மொண்டி. குட்டை ரகங்கள் 15 முதல் 20 செ.மீ., உயர ரகங்கள் 45 செ.மீ. வரை போகும்.

வாங்கும்போது குழப்பம் வருவது வேறு இரண்டு இனங்களால். ஒன்று ஃப்ளாக்ஸ் பானிக்குலாட்டா. பல ஆண்டு வாழும் இந்த உயரச் செடியின் விதை நல்ல குளிரில் சில வாரம் கிடந்தால்தான் முளைக்கும். மற்றது தரையோடு படரும் ஃப்ளாக்ஸ் சுபுலாட்டா. ஜப்பானில் புஜி மலையடிவாரத்தில் நிலமெல்லாம் ரோஸ் நிறமாக விரிந்து கிடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அது இந்தச் செடிதான். அந்தப் படத்தைப் போட்டு ‘படரும் பிளாக்ஸ் விதை’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். குளிர்நாட்டுச் செடியான அது மதுரையிலும் சென்னையிலும் நிலைக்காது. அந்தப் படத்துக்காகப் பணம் கட்டாதீர்கள்.

இதன் சொந்த ஊர் எது? அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். தாமஸ் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1833, 1834 ஆண்டுகளில் அங்கே செடிகளைச் சேகரித்துக்கொண்டு அலைந்தார். போன உடனேயே காலராவில் படுத்து, பிழைத்து எழுந்து, மறுபடியும் தேட ஆரம்பித்த மனிதர். அவர் அனுப்பிய விதையிலிருந்து பிரிட்டனில் செடி பூத்தது. தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1835இல் டிரம்மண்டின் பெயரையே அதற்கு வைத்தார். அதே ஆண்டில் டிரம்மண்ட் கியூபாவில் இறந்துபோனார்.

நமக்கு வேண்டியது அந்த ஊரில் அது வாழும் முறை. டெக்சாஸின் மணல் பாங்கான நிலத்தில் கோடை முழுக்க விதையாகவே கிடக்கும். வெயில் தணிந்து மழை பெய்ததும் முளைக்கும். குளிர்காலத்தைச் சின்னச் செடியாகக் கழித்து, வசந்தத்தில் பூத்து, அடுத்த கோடை முற்றுவதற்குள் விதையைச் சிதறவிட்டுக் காய்ந்துவிடும். அந்த ஊர் நெடுஞ்சாலைத் துறை சாலையோரங்களில் விதைத்துவிடும் காட்டுப்பூக்களில் இதுவும் ஒன்று. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை.

அதாவது குளிரில் வளர்ந்து, வெயில் ஏறும்போது பூத்து, கடும் வெயிலில் சாகும் செடி. மணல் வேண்டும், வேரில் நீர் தேங்கக்கூடாது. பிளாக்ஸ் வளர்க்கக் கஷ்டமான செடி என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மாதத்தைத் தவறவிட்டவர்கள்தான். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில்தான் போய் முடியும்.

சரி, எந்த மாதம் விதைக்க வேண்டும்?

உங்கள் ஊரைப் பொறுத்தது. விதைத்து எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். முளைக்கும் நேரத்தில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் உத்தமம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போடலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. அக்டோபரில் விதைத்தால் பொங்கலுக்குள் பூ வந்துவிடும். கோவைக்காரர்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்கலாம். அங்கே இரவுக் குளிர் கைகொடுக்கும்.

சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களில்தான் சிக்கல். வட இந்தியாவில் அச்சான கையேடுகள் செப்டம்பர், அக்டோபர் என்று சொல்லும். அதை நம்பி இங்கே விதைத்தால் நாற்று பிஞ்சாக இருக்கும்போது ஐப்பசி அடைமழை வந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் விடாத மழையில் ஒரு தட்டு நாற்று மொத்தமாக அழுகிப்போகும். எனவே கார்த்திகை பிறந்ததும், அதாவது நவம்பர் நடுவில், மழை படாத இடத்தில் தட்டில் விதையுங்கள். மார்கழி பிறந்து மழை ஓய்கிறபோது தொட்டிக்கு மாற்றுங்கள். ஜனவரி கடைசியில் பூக்கத் தொடங்கும். மார்ச் நடுப்பகுதி வரை பார்க்கலாம். பொங்கல் கழித்து விதைத்தால் செடி வளரும், ஆனால் மொட்டு வரும்போது மாசி வெயிலும் வந்துவிடும். அந்த விதையை அடுத்த கார்த்திகைக்கு எடுத்து வைப்பது மேல்.

திருச்சி, மதுரை, நெல்லைக்கும் கார்த்திகைதான் கணக்கு. யாழ்ப்பாணத்திலும் மழை ஏறக்குறைய இதே மாதங்களில்தான் என்பதால் நவம்பர் கடைசி பொருந்தும்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் எல்லாம் தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் உறைபனி இளநாற்றைக் கருக்கிவிடும். பிப்ரவரியில் கூரைக்குள் விதைத்தால் ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்துக்குச் செடி பூரணமாகப் பூத்து நிற்கும். நுவரெலியாக்காரர்கள் ஏப்ரல் சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் ஜனவரி கடைசியில் தொடங்க வேண்டும்.

எந்த ரகம் வாங்கலாம்? எவ்வளவு விதை தேவை?

ஒரு கிராமில் ஏறக்குறைய 500 விதை இருக்கும். வீட்டுக்கு 50 விதை உள்ள சிறு பாக்கெட் தாராளம்.

மாடித் தொட்டிக்குக் குட்டை ரகம் நல்லது. ‘பியூட்டி’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் குட்டையான, கிளை அடர்ந்த ரகங்கள். ‘ட்விங்கிள்’ வகையில் இதழ் நுனி கூர்கூராக நீண்டு நட்சத்திரம் மாதிரி இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ‘21ஸ்ட் செஞ்சுரி’ என்பது எஃப்1, அதாவது முதல் தலைமுறைக் கலப்பினம், செடிகள் எல்லாம் ஒரே அளவில் வரும், விலை கூடுதல். பாத்தியில் போட்டு, வெட்டி ஜாடியிலும் வைக்க வேண்டுமென்றால் ‘கிராண்டிஃப்ளோரா’ என்று போட்ட உயர ரகம். முதல் தடவை வளர்ப்பவர்களுக்குச் சாதாரண கலப்பு நிறப் பாக்கெட்டே என் சிபாரிசு.

பாக்கெட்டில் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ காட்டினால் படத்தை நம்பாதீர்கள். ஓராண்டு பிளாக்ஸில் மஞ்சள் என்று வருவது பாலாடை நிறத்தோடு நின்றுவிடும்.

பேக் செய்த தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்குள் உள்ளதாக இருக்கட்டும். வெயில் அடிக்கும் கடை முகப்பில் தொங்கிய பாக்கெட் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேண்டாம்.

விதைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

குழித்தட்டு இருந்தால் வேலை எளிது. பிளாக்ஸுக்கு வேர் கலைந்தால் பிடிக்காது, குழித்தட்டில் வளர்ந்த நாற்றை மண்கட்டியோடு எடுத்து நடலாம். தட்டு இல்லாவிட்டால் அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப் போதும்.

கலவைக்கு நன்றாகக் கழுவிப் பிழிந்த தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தோட்டத்து மண்ணைச் சேர்க்காதீர்கள், அழுகல் நோய் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். ஒரு கிலோ கலவைக்கு ஒரு தேக்கரண்டி டிரைகோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) தூள் கலந்து, புட்டு மாவு பதத்துக்கு ஈரமாக்கி, இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் பின்னால் தலைவலி குறையும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது.

குழிக்கு இரண்டு விதை. பென்சில் முனையால் அரை செ.மீ. ஆழம் குத்தி விதையைப் போட்டு, மேலே அதே கலவையைத் தூவி, விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தாமல் விட்டால் விதையைச் சுற்றிக் காற்று நின்று ஈரம் பிடிக்காது.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் வேலை. பிளாக்ஸ் விதை இருட்டில்தான் ஒழுங்காக முளைக்கும். பெட்டூனியா மாதிரி வெளிச்சம் கேட்கும் விதைகளோடு பழகியவர்கள் இதையும் மேலாகத் தூவிவிட்டு முளைக்கவில்லை என்று காத்திருப்பார்கள். தட்டின் மேல் இரண்டு மடிப்பு செய்தித்தாளும் அதன் மேல் ஓர் அட்டைப்பெட்டியும் கவிழ்த்து, வீட்டுக்குள் குளுமையான மூலையில், வெறுந்தரையில் வையுங்கள். சிமெண்ட் தரையோ சிவப்புத் தரையோ இரவில் குளிர்ந்து கிடக்கும், அது போதும். மொட்டை மாடிக் கூரைக்கு அடியில் வேண்டாம்.

ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். கூனிக் குறுகிய வெளுத்த தண்டு ஒன்று தலைகாட்டினாலே மூடியை எடுத்துவிட்டு, வெளிச்சம் நன்றாக வரும், நேர் வெயில் படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தால்கூட நூலாக நீண்டுவிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய முடியாது. மற்றவை வெளிச்சத்திலேயே பின்னால் வந்துவிடும். எல்லாம் முளைத்து முடிய 8 முதல் 15 நாள் ஆகும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஈரம் கீழிருந்து ஏறும், விதை இடம் பெயராது.

இரண்டு வாரமாகியும் முளைக்கவே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டுமா?

ஓராண்டு பிளாக்ஸ் விதைக்கு ஃப்ரிட்ஜ் குளிர் தேவையில்லை, அது பானிக்குலாட்டாவுக்குச் சொன்னது. முளைக்காததற்கு முதல் காரணம் சூடு. பகலில் 28, 30 டிகிரி இருக்கும் இடத்தில் விதை உறங்கியே கிடக்கும். தட்டை ஓர் ஈரச் சாக்கின் மேல் வைத்துப் பாருங்கள், ஈரம் ஆவியாகும்போது சில டிகிரி குறையும். வெளிச்சம் பட்டது, விதை பழசாகிப் போனது என்பவை அடுத்த சந்தேகங்கள். எறும்பையும் மறந்துவிடாதீர்கள். தட்டை ஸ்டூலின் மேல் வைத்து, ஸ்டூல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்று வாரம் தாண்டினால் காத்திருக்காமல், நாள் இருந்தால் புது விதை போடுங்கள்.

நன்றாக முளைத்த நாற்று திடீரென்று சாய்கிறது. ஏன்?

சாய்ந்த நாற்றை எடுத்துத் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நீர் கோத்ததுபோல் பழுப்பாகி, அந்த இடம் மட்டும் நூலாக மெலிந்திருந்தால் நாற்றழுகல். மேலே இலை பச்சையாகவே இருக்கும், அதனால்தான் முதல் நாள் தண்ணீர்த் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவார்கள். அதோடு பக்கத்துக் குழியும் போகும்.

பாதித்த குழிகளைக் கலவையோடு அகற்றுங்கள். மீதிக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றலாம். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலை ஊற்றுவார்கள், ஆனால் அது வருமுன் காப்பதற்குத்தான் நல்லது, வந்த பிறகு பெரிதாக எதிர்பார்க்க முடியாது. உண்மையான வைத்தியம் காற்று. நாற்று நெருக்கமாக இருந்தால் குழிக்கு ஒன்றாகக் கத்தரியால் வெட்டிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

எது நாற்று, எது களை என்று தெரியவில்லை.

முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் நீள்வட்டமாக, மொழுமொழுவென்று இருக்கும். அடுத்து வரும் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே முளைக்கும். ஓரத்தில் பல் எதுவும் கிடையாது, தொட்டால் மெல்லிய ரோமம் தெரியும். செடி வளர வளர மேல் இலைகள் ஜோடியை விட்டு ஒன்று மாற்றி ஒன்றாக வரும். தண்டையும் மொட்டின் அடியையும் விரலால் தடவினால் லேசாகப் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் தூசியும் கொசு மாதிரிப் பூச்சிகளும் ஒட்டிக்கிடப்பதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம், அது செடியின் சுபாவம்.

தட்டு எதற்கு, நேரே பாத்தியில் தூவினால் ஆகாதா?

ஓசூரில் ஆகும். டெக்சாஸில் தூவித்தானே வளர்கிறது. செம்மண்ணும் மணலும் கலந்த, தண்ணீர் நிற்காத மேட்டுப்பாத்தி என்றால் வரிசையாகக் கீறி விதைத்து, மண்ணை மூடி, மேலே இரண்டு விரல் கனம் வைக்கோல் போட்டு, முளைத்ததும் எடுத்துவிடலாம். வேர் கலையாததால் செடி திடமாகவும் இருக்கும். கரையோர ஊர்களில் மழைக்கும் எறும்புக்கும் நத்தைக்கும் தப்பி மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மண்ணும் தொட்டியும் எப்படி இருக்க வேண்டும்?

எட்டு அங்குலத் தொட்டியில் மூன்று செடி, பத்து அங்குலத்தில் நான்கைந்து. ஒற்றைச் செடியாக வைத்தால் சோகமாக இருக்கும், இது கூட்டமாகப் பார்க்க வேண்டிய பூ. மண் தொட்டி சிறப்பு, வேருக்குக் குளுமை. பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெள்ளை நிறமாக வாங்குங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்ட இந்தக் காலத்தில் எம்-சாண்டைக் கழுவித் தூள் போக்கிவிட்டுப் போடலாம். களிமண் பூமியாக இருந்தால் பாத்தியைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள். தொட்டியில் ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்தில் அடியில் வடிந்தால் கலவை சரி.

எப்போது மாற்றி நடுவது? நுனியைக் கிள்ள வேண்டுமா?

நான்கு உண்மையான இலை வந்ததும், அதாவது விதைத்து மூன்று நான்கு வாரத்தில். அதற்கு மேல் தட்டில் வைத்தால் வேர் சுருண்டு, நட்ட பிறகும் செடி குட்டையாகவே நின்று ஒற்றைப் பூ பூத்துவிட்டுப் போய்விடும். மாலை நேரத்தில் நடுங்கள். பாத்தியில் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. தட்டில் இருந்த அதே ஆழம்தான், தக்காளி நாற்றை நடுவதுபோல் தண்டைப் புதைக்கக்கூடாது. இரண்டு நாள் நிழல்வலைக்கு அடியில் வைத்திருந்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள்.

நட்டு ஒரு வாரம் கழித்து, செடி நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியை நகத்தால் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலிருந்தும் கிளை வரும், கிளைக்கு ஒரு பூங்கொத்து. முதல் பூ பத்து நாள் தள்ளிப்போகும் என்பதால் சமவெளியில் தாமதமாக விதைத்தவர்கள் கிள்ளாமல் விட்டுவிடலாம். ‘பியூட்டி’ போன்ற குட்டை ரகங்கள் கிள்ளாமலே கிளைக்கும்.

தண்ணீர், உரம்?

காலையில், வேரில். இலையில் ஊற்றி மாலையில் ஈரத்தோடு விட்டால் சாம்பல் நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள், ஒரு தடவை நன்றாக வாடி எழுந்த செடி மொட்டுகளை உதிர்த்துவிடும்.

உரம் அதிகம் கேட்காது. இருபது நாளுக்கு ஒரு முறை தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், இடையில் ஒரு தடவை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். யூரியா பக்கமே போகாதீர்கள். தழைச்சத்து கூடினால் செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூவைக் காணோம் என்று கேள்வி அனுப்புவீர்கள்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து மதிய வெயிலை மட்டும் நிழல்வலையால் தடுத்தால் இன்னும் இரண்டு வாரம் கூடுதலாகப் பூக்கும்.

பூ எத்தனை நாள் இருக்கும்? வாடிய பூவை எடுக்க வேண்டுமா?

ஒரு கொத்தில் பூக்கள் அடுத்தடுத்து விரிவதால் கொத்து இரண்டு வாரம் வரை நிறமாக இருக்கும். கொத்து முடிந்ததும் அதற்குக் கீழே உள்ள முதல் இலை ஜோடி வரை வெட்டிவிடுங்கள். காய் பிடிக்க விட்டால் வேலை முடிந்தது என்று செடி ஓய்ந்துவிடும்.

முதல் சுற்றுப் பூ ஓய்ந்ததும் ஓசூர், மலைப்பகுதிகளில் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி, உரம் வைத்தால் மறுபடி தழைத்துப் பூக்கும். சென்னையில் இதைச் செய்வது வீண், அந்த நேரத்தில் வெயில் விடாது.

இலையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அடியில் வலை மாதிரியும் இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு. மாவு தூவியதுபோல் இலை மேல் வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். பகல் வெப்பமும் இரவுப் பனியும் சேரும் தை, மாசியில் வரும். பாதித்த இலையைக் கிள்ளி எறிந்து, லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தூள் கரைத்துத் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளிக்காதீர்கள், இலை கருகும்.

இலை மேலே ஊசிப்புள்ளியாக வெளுத்து, அடியில் நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டிப் பாருங்கள், ஓடும் புள்ளிகள் விழும். காய்ந்த சூட்டில் பெருகும். மூன்று நாளுக்கு ஒரு தடவை காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, அதற்கடுத்து லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் கட்டுப்படும். ஒரே வாரத்துக்குள் கந்தகத்தையும் எண்ணெயையும் சேர்த்துத் தெளிக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள்.

மார்ச் கடைசியில் செஞ்சிலந்தி வந்தால் நான் மருந்து தேடமாட்டேன். செடியின் காலம் முடிந்தது என்று எடுத்துவிடுவேன்.

கலப்புப் பாக்கெட்டில் இத்தனை நிறம் வருகிறதே, காட்டில் இதன் நிறம் என்ன?

பெரும்பாலான இடங்களில் வெளிர் ஊதா கலந்த நீலம். டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் மட்டும் அடர் சிவப்பு. ஏன் அங்கே மட்டும் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் பரிணாமப் பாடங்களில் இடம்பெறும் அளவுக்குச் சுவையானது.

அந்தக் கிழக்குப் பகுதியில் ஃப்ளாக்ஸ் கஸ்பிடேட்டா என்ற இன்னோர் இனமும் வளர்கிறது, அதன் பூவும் வெளிர் நீலம். இரண்டும் கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு, விதை வீண். மகரந்தம் சுமப்பவை வண்ணத்துப்பூச்சிகள். ஒரு நிறத்தில் தேன் குடிக்கத் தொடங்கினால் அதே நிறத்தைத் தேடியே போவது அவற்றின் வழக்கம். நம் பிளாக்ஸ் அடர் சிவப்பாக மாறிய இடத்தில் இரண்டு இனத்துக்கும் நடுவே மகரந்தம் போய் வருவது குறைந்தது, வீணாகும் விதையும் குறைந்தது. ராபின் ஹாப்கின்ஸ், மார்க் ராஷர் இருவரும் 2011, 2012இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. நிறத்தின் சாயலை ஒரு மரபணுவும் அடர்த்தியை இன்னொன்றும் மாற்றியிருந்தன. அங்கே முக்கியமாகப் பறந்து வேலை பார்க்கும் பைப்வைன் ஸ்வாலோடெய்ல் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி, ஆடுதின்னாப்பாளையில் புழுவாக வளரும் நம் ரோஜா அழகிக்குத் தூரத்துச் சொந்தம்.

அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கலாமா?

எடுக்கலாம், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால்.

முதலாவது, இந்தச் செடி பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. ஒற்றைச் செடியை வைத்துக்கொண்டு காய்க்கவில்லையே என்று கேட்டால் பயனில்லை, நான்கைந்து செடி பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனாலேயே நிறங்கள் கலந்துவிடும். வெள்ளைச் செடியில் எடுத்த விதை வெள்ளையாகப் பூக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. எஃப்1 ரகமானால் உயரமும் மாறும்.

இரண்டாவது, காய் வெடிக்கும். பூ உதிர்ந்த இடத்தில் காய்ந்த புல்லி இதழ்களுக்கு நடுவே மிளகளவு காய் இருக்கும். உள்ளே மூன்று அறை, பொதுவாக அறைக்கு ஒரு விதை. பச்சை போய் வைக்கோல் நிறம் வந்ததும் ஒரு வெயில் நேரத்தில் படக்கென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். எனவே வெளுக்கத் தொடங்கும்போதே கொத்தோடு வெட்டி, வாயை மடித்த காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பைக்குள்ளேயே வெடித்துக் கொட்டும், மதியத்தில் சத்தம்கூடக் கேட்கும். சல்லிகளை ஊதிவிட்டு, விதையைக் காகித உறையில் மடித்து, மூடி இறுக்கமான டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சமவெளிக் கோடையில் அலமாரியில் வைத்த விதை ஐப்பசிக்குள் பாதி செத்துவிடும்.

தொடுத்துத் தலையில் வைக்கலாமா?

வராது. பூவின் அடி மெல்லிய குழல், நூலை இறுக்கினால் புல்லியிலிருந்து உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். கொத்தாக வெட்டி ஜாடியில் வைத்தால் சில நாள் தாங்கும். கோலத்துக்கு நடுவே உதிரியாகப் போடலாம், கனகாம்பரத்துக்குப் போட்டி இல்லை.

ஏப்ரலில் காலியான தொட்டியில் என்ன வைப்பது?

பட்டுரோஜா, ஜீனியா, நித்தியகல்யாணி. மூன்றும் வெயிலுக்கு அஞ்சாதவை, இதே மணற்கலவை போதும். பழைய பிளாக்ஸ் வேரை எடுத்துவிட்டு, சாம்பல் நோய் வந்திருந்தால் செடியை உரக்குழியில் போடாமல் குப்பையில் போடுங்கள். கலவையை ஒரு வாரம் மொட்டை மாடியில் பரப்பிக் காயவிட்டு, ஒரு கைப்பிடி தொழு உரம் சேர்த்து நிரப்பினால் ஐப்பசி வரைக்கும் அதுவே தாங்கும்.